ஒரு நாள் வாடகைக்கு வந்த பெட்டி

எங்கள் அடுப்படியை இடிக்கச் சொன்னது அம்மாதான். அப்போது அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு அவள் அழைப்பு வரும். அதற்காக அப்பாவும் நானும் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து முக்கால் மணி நேரம் இறங்கி நடந்து வட்டவளை கடைத்தெருவில் இருந்த கொமினிகேஷன் கடைக்குப் போவோம். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர்தான் நிற்கலாம். முதலில் அப்பா பேசுவார். நான் வெளியே நின்று அவர் வாயசைவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வழியெல்லாம் அம்மாவிடம் சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருப்பேன். ரிசீவரைக் காதில் வைத்ததும் எல்லாம் எங்கோ போய்விடும். "நல்லா இருக்கேம்மா" என்பேன். "நல்லா சாப்புடு" என்பாள். அவ்வளவுதான். எனக்குப் பதினொரு வயதாகும்போது போனவள். நான் சொல்வது எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது நடந்தது.

அன்று அப்பா பேசிக்கொண்டே இருந்தார். கூண்டின் கதவு சரியாக மூடாததால் அவர் சொல்வது வெளியே கேட்டது.

"முழுசாவா? அடுப்படிய கொஞ்சமாவது வச்சிக்குவோமே புள்ள..."

பிறகு நான் பேசும்போது அம்மா என்னிடமும் அதையே சொன்னாள். "அப்பாகிட்ட கண்டிசனா சொல்லிப்புட்டேன். மொதல்ல அந்த இருட்டு அடுப்படிய இடிக்கணும். பொகையில இருமி இருமியே என் பாதி ஆயுசு போச்சு. பெரிய சன்னலா ஒண்ணு வைக்கச் சொல்லு. நான் வர்றப்ப அதுல வெளிச்சம் வரணும்."

'நான் வர்றப்ப' என்ற சொல் மட்டும்தான் என் காதில் தங்கியது. வீட்டுக்குத் திரும்பும் ஏற்றத்தில் அப்பாவிடம் மூன்று தடவை கேட்டேன், எப்போது வருவதாகச் சொன்னாள் என்று. "வருவா" என்றார் மூன்று தடவையும்.

எங்களுடையது பத்துக் குடும்பத்துக்குப் பத்துக் காம்பரா ஒரே வரிசையில் உள்ள பழைய லயம். முன்னறையும் இஸ்தோப்பு என்ற திண்ணையும் தோட்டத்துக்காரர்கள் கட்டிக்கொடுத்தவை. பின்பக்கத்து அடுப்படி மட்டும் எங்கள் ஆட்கள் மண்ணும் கல்லும் குழைத்துக் கட்டியது. சன்னல் கிடையாது. சுவரெல்லாம் கரி. அடுப்புக்குப் பக்கத்தில், தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில், சுவரில் ஓரிடம் மட்டும் வழவழவென்று பழுப்பாகப் பளபளக்கும். அது அம்மா தலை சாய்த்த இடம். கொழுந்து எடுத்துவிட்டு மழையில் ஊறி வருகிறவள் காலில் ஒட்டிய அட்டைகளைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டு, குந்து பலகையில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடுவாள். ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் அவளிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அவள் தலை எண்ணெய் வருடக்கணக்காக மண்ணில் இறங்கி அந்தக் கறை உண்டாகியிருந்தது. அவள் போன பிறகு, அடுப்புப் பற்றவைத்துவிட்டு நானும் அதே இடத்தில் தலை சாய்ப்பேன். முதல் வருடம் அதில் அவள் வாசம் இருந்தது. அடுத்த வருடம் எனக்குச் சந்தேகம் வந்தது, அது அவளுடையதா என்னுடையதா என்று.

இடிப்பதற்குத் தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அப்பா தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைப் பிடித்து ஒரு மாதம் அலைந்து வாங்கினார். அனுமதி கொடுக்கும்போதே கண்டாக்கு சொல்லிவிட்டார்: "இடிச்ச மண்ணு ஒரு கூடைகூட தேயிலை மலையில விழுகக் கூடாது. கான் வாய்க்கால்ல அடைச்சி தண்ணி தேயிலைக்குள்ள பாஞ்சிச்சின்னா என் வேலை போயிரும். எங்கயாவது வெளிய கொண்டுபோயி கொட்டுங்க."

வெளியே கொண்டுபோக வண்டி வேண்டும். தோட்டத்து ட்ரெக்டர் கொழுந்து ஏற்றுவதற்கு மட்டும்தான். அப்பா டவுனில் விசாரித்து, ட்ரெக்டருக்குப் பின்னால் பெட்டி கோத்து மணலும் செங்கல்லும் ஏற்றும் ஒருவரைப் பிடித்தார். வயதான சிங்களக்காரர். தமிழ் பேசுவார், தனக்குத் தெரிந்த மாதிரி.

"ஐயா, காலைல நா பெட்டி கொண்டாந்து வைக்கிறது. ட்ரெக்டர் கழட்டிட்டு போறது. நாலு மணிக்கி வந்து பெட்டி எடுக்கிறது. ஒரு நாள்தான். அடுத்த நாள் வேற எடத்துல வேல இருக்கு. ஹரித?"

"ஹரி மஹத்தயா" என்று சிங்களத்திலேயே சரி சொன்னார் அப்பா.

அந்தப் பெட்டி வந்த காலை இப்போதும் கண் முன் நிற்கிறது. மூடுபனிக்குள் முதலில் சத்தம் வந்தது, பிறகு சிவப்பு ட்ரெக்டர். லயத்துக்கு மேலே ரோட்டோரத்தில் பெட்டியைக் கழற்றி, அதன் மூக்குக்கு ஒரு மரக்கட்டையும் சில்லுகளுக்குக் கல்லும் முட்டுக்கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். நாலு பக்கமும் பலகை அடித்த வெறும் பெட்டி. எங்கள் லயத்துக்கு அப்படி ஒன்று வந்ததே இல்லை. பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். பெரியவர்கள் இஸ்தோப்பில் நின்று தேத்தண்ணி குடித்தபடி பார்த்தார்கள்.

அப்பா அன்று காலைப் பெரட்டுக்கும் தோட்ட வேலைக்கும் போகவில்லை. சுவர் வேலை செய்யும் மேசன் பாஸ் ஒருவரும் அப்பாவும் கூரைத் தகரத்தைக் கழற்ற, நான் கூடையில் மண்ணும் கல்லும் சுமந்தேன். லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் பாதை சேறு. நாலு நடைக்கு ஒரு தடவை வழுக்கியது. பத்து மணிக்குப் பெட்டியின் அடியை மூடுமளவுக்குத்தான் மண் சேர்ந்திருந்தது.

அப்போதுதான் கடைசிக் காம்பராத் தாத்தா ஒரு கால் இல்லாத நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, ஒரு மூலையில போட்டுக்கிறேன்பா" என்றார். அப்பா தலையாட்டினார். அதுதான் தொடக்கம். அடுத்து ஓட்டை வாளி. அடுத்து பஞ்சு பிதுங்கிய மெத்தை. துருப்பிடித்த தகரங்கள், கதவில்லாத அலுமாரி, சத்தம் போடாத ரேடியோ. இத்தனை சாமான்களை இந்தச் சின்ன அறைகளுக்குள் எங்கே வைத்திருந்தார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. லயத்தில் எதையும் எறிய இடமில்லை. ஒருநாள் உதவும் என்று கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவதுதான் பழக்கம். அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எறிய மனசு வந்துவிட்டது.

நான் அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, நம்ம மண்ணப் போட எடமில்ல. சொல்லுங்கப்பா அவங்ககிட்ட."

அப்பா தகரத்திலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "எப்புடி சொல்றது? அம்மா போன மொத வருசம் ஒனக்கு யாரு சோறு போட்டாங்க? எல்லாரும்தானே?"

உண்மைதான். அதிலும் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா. நான் வயதுக்கு வந்தபோது அம்மா இருக்க வேண்டிய இடத்தில் நின்று தண்ணீர் ஊற்றியது அவர்தான். அவர் மகன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. முதல் வருடம் கடிதம் வந்தது, அப்புறம் இல்லை. அந்தப் பெரியம்மா மதியம்போல ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். மகன் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் கொண்டுபோன பெட்டி. மற்ற சாமான்களுக்கு நடுவே வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். அதற்குள் அதன்மேல் அலுமாரியும் மெத்தையும் எங்கள் மண் இருபது கூடையும் விழுந்திருந்தன.

"தம்பி" என்றார் அப்பாவிடம். "அந்தப் பொட்டிய எடுத்துக் குடுப்பா. அவன் வந்து கேட்டான்னா நான் என்னான்னு சொல்லுவேன்?"

யாரும் சிரிக்கவில்லை. மேசன் பாஸ் மட்டும் வானத்தைப் பார்த்தார். மழை கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு ட்ரெக்டர் பெட்டிக்குள் ஏறினார். எறிந்தவர்களே வந்து தாங்கள் எறிந்ததை எடுத்துக் கீழே வைத்தார்கள். அரை மணி நேரம் தோண்டி அந்தத் தகரப் பெட்டியை வெளியே எடுத்தோம். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பெரியம்மா அதை முந்தானையால் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல் இறங்கிப் போனார்.

அடுப்புப் பக்கத்துச் சுவரை அப்பா கடைசிவரை தொடாமல் வைத்திருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மற்ற மூன்று சுவர்களும் போய், அது மட்டும் மழை வெளிச்சத்தில் நின்றது. கூரையில்லாத இடத்தில் பார்க்க அந்தக் கறை மிகச் சின்னதாக இருந்தது, ஒரு கை அளவுதான்.

"பாஸ், இத நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லி அப்பா அவர் கையிலிருந்த இரும்பு அலவாங்கை வாங்கினார். மேலிருந்து மெதுவாகத் தட்டினார். கறை இருந்த பகுதி முழுதாக ஒரு துண்டாக வந்தது. நான் அதை இரண்டு கையாலும் ஏந்தினேன். நாலடி நடப்பதற்குள் அது நடுவில் பிளந்து, பிறகு தூளாகி, விரல்களுக்கு இடையில் கொட்டிப்போனது. நான் அப்படியே நின்றேன். அழுகை வரவில்லை, அம்மா முகத்தை நினைக்கப் பார்த்தேன், அவள் முகத்துக்குப் பதிலாக விமான நிலையத்துக்குப் போகுமுன் எடுத்த பாஸ்போர்ட் படம்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன்.

"வுடு புள்ள" என்றார் அப்பா. "செவுத்தையா கட்டிப்புடிச்சிக்கிட்டு இருக்கப் போறோம்? ஆளே வரப் போறா." சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டு நெடுநேரம் அலவாங்கைத் துடைத்தார்.

நாலு மணிக்கு ட்ரெக்டர் வந்தது. பெட்டியைப் பார்த்ததும் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, மண்ணு சொன்னது நீங்க. இது ஊர் சாமான் முழுக்க! மண்ணு இன்னும் பாதி கீழ கெடக்குதே?"

"இன்னொரு தடவ வர ஏலாதா மஹத்தயா?"

"முடியாது ஐயா. நாளைக்கி பெட்டி வேற ஆளுக்கு."

அவர் குரலில் கோபம் இல்லை. பலகைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த நாற்காலியை அவரே கயிறு போட்டுக் கட்டினார். தெரிந்த ஒருவருடைய பழைய கல்லுடைக்கும் பள்ளத்தில் கொட்டுவதாகச் சொன்னார். ட்ரெக்டர் எங்கள் லயத்துப் பழைய சாமான்களை ஆட்டிக்கொண்டு வளைவில் திரும்பியது. எங்கள் அடுப்படி பாதிக்கு மேல் எங்கள் பின்புறத்திலேயே குவியலாகக் கிடந்தது.

மறுநாள் கண்டாக்கு வந்துவிடுவாரே என்று அப்பா இஸ்தோப்பில் குந்தியிருந்தார். பெரியம்மாதான் வழி சொன்னார். "ரோட்டுக்கு ஏறுற பாதையில முட்டுக்கால் வரைக்கும் சேறா கெடக்குது. அதுல போட்டு மிதிச்சா என்னா?"

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வேலை முடிந்து வந்த பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மண் கூடையை எடுத்தார்கள். பெரிய கல் அடியில், சின்னக் கல் மேலே, மண் அதற்கும் மேலே. மழை பிடிப்பதற்குள் பாதை முழுக்க நிரவி மிதித்துவிட்டோம். மறுநாள் வந்த கண்டாக்கு அதில் சப்பாத்துக் காலோடு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கே" என்று மட்டும் சொன்னார்.

புது அடுப்படி மூன்று மாதத்தில் எழுந்தது. சிமெந்துச் சுவர், பெரிய சன்னல். அம்மா வந்தது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து.

வந்தவள் புது அடுப்படியில் ஒவ்வொரு மூலையாகத் தொட்டுப் பார்த்தாள். "வெளிச்சமா இருக்கு" என்றாள். நிறைய சிரித்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். எனக்கு அவளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. அவள் சமைத்தால் நான் ஒதுங்கி நின்றேன். நான் சமைத்தால் அவள் ஒதுங்கி நின்றாள். உப்பு எங்கே இருக்கிறது என்று அவள் என்னிடம் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் பின்னேரம் சன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்தபடி, "இந்நேரம் அது ஸ்கூல் விட்டு வந்திருக்கும்" என்றாள்.

"யாரும்மா?"

"அங்க, நான் இருந்த வீட்டுப் புள்ள." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்ததுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு நெஞ்சு எரிந்தது. இத்தனை வருடம் நான் அவளுக்காக ஏங்கிக் கிடந்தேன். வந்த பிறகு அவள் வேறு யாருக்கோ ஏங்குகிறாள். கோபத்தில்தான் கேட்டேன்: "அங்க இருக்கறப்ப என் ஞாபகம் வந்திச்சா ஒனக்கு?"

அம்மா குந்தி உட்கார்ந்து சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

"ஒனக்கு சட்ட எடுத்து அனுப்புனேனே, அதெல்லாம் அளவு எப்புடி பாத்தேன்னு நெனைக்கிற?" என்றாள். "அதுக்கும் ஒன் வயசுதான். வருசா வருசம் கடைக்குக் கூட்டிட்டுப் போயி அதுக்குப் போட்டுப் பாப்பேன். இப்ப என் மக இம்புட்டு ஒசரம் இருப்பா, இப்ப இம்புட்டு இருப்பான்னு அதத்தான் திருப்பித் திருப்பிப் பாப்பேன். வேற என்னாத்த வச்சி நான் ஒன்னப் பாக்குறது?"

அந்தச் சட்டைகள் எல்லாமே எனக்குத் தோளில் அகலமாக இருக்கும். பெரியம்மாதான் பிடித்துத் தைத்துத் தருவார். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சுளகின் மறுபக்கத்திலிருந்து நானும் கல் பொறுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அது பேரு என்னாம்மா?" என்று கேட்டேன்.