பத்து மணிக்கு வரும் வைண்டர்

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவதில் அவருக்கு இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பிச் சுருளான காயிலை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிப் போடுபவரை அந்தத் தொழிலில் வைண்டர் என்பார்கள். தெருவிலும் அவருக்கு அதுதான் பெயர். முப்பத்தெட்டாவது வயதில் வலது கை நடுவிரல் முட்டியில் முதல் வீக்கம் வந்தது. ஆறு வாரத்தில் இடது கையும் வீங்கியது. "முடக்குவாதம். தீராது, ஆனா கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்" என்றார் டாக்டர். வாரம் ஒரு நாள் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இவற்றில் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

மருந்து வலியைக் குறைத்தது. காலை நேரத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. ஐந்தரைக்கு எழுந்தால் விரல்கள் மடங்கவும் மடங்காது, நீளவும் நீளாது. வெந்நீரில் கையை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஒன்பது மணிக்குத்தான் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியும். சட்டைப் பட்டனை மனைவிதான் போட்டுவிடுவாள்.

"ஊர் மோட்டாருக்கெல்லாம் கம்பி சுத்தின மனுஷன், அஞ்சு பட்டனுக்கு மாமியார் பெத்த பொண்ணைக் கூப்பிடுறாரு" என்பாள்.

"ஏழு பட்டன். காலர்ல ரெண்டு இருக்கு" என்பார் அவர்.

ஒரு நாளைக்கு மூன்று மோட்டார் முடித்தவர், நான்கு ஆண்டுகளில் ஒன்றுக்கு இறங்கினார். "உடம்பைப் பாத்துக்கங்க" என்று பழைய பட்டறையில் அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதத்தில் ஏழு பட்டறை ஏறி இறங்கினார். முதல் மூன்று இடங்களில் உண்மையைச் சொன்னார். டீ கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நான்கில் கைகளைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டு பேசினார். "ஒரு காயில் சுத்திக் காட்டுங்க" என்றதும் குட்டு உடைந்தது.

எட்டாவது பட்டறையை ஒரு அம்மா நடத்திவந்தார். அங்கே அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் எடுத்து வைத்தார்.

"இந்தக் கையால சுத்த முடியாதும்மா. ஆனா எந்த மோட்டாருக்கு எத்தனை சுத்து, எந்தக் கம்பின்னு எண்ணி எழுதித் தருவேன். சுத்தாமலே சரியாகிற மோட்டாரையும் பாத்துச் சொல்லிடுவேன். பத்து மணிக்குத்தான் வர முடியும். ஏழு வரைக்கும் இருப்பேன்."

அம்மா கைகளைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "ஒரு மாசம் பாக்கலாம். சரிப்படலைன்னா நேராச் சொல்லிடுவேன், வருத்தப்படக் கூடாது."

அங்கே கம்பி சுற்றும் வேலை ஒருவரிடம் இருந்தது. கையின் வேகத்தைப் பார்த்து அவருக்கு ராக்கெட் என்று பெயர் வைத்திருந்தார்கள். ராக்கெட்டுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. "துரை பத்து மணிக்கு எழுந்தருளுறாரு. நமக்கு மட்டும் எட்டரை" என்று காதில் விழும்படியே சொல்வார். வைண்டர் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றித் தடிமனாக்கிய பேனாவால் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். முதல் இருபத்தைந்து நாளில் நாற்பத்தொரு மோட்டார் எழுதினார். அவற்றில் ஒன்பது, சுற்றவே தேவையில்லாதவை: ஆறில் கெப்பாசிட்டர் போயிருந்தது, மூன்றில் பேரிங் இறுகியிருந்தது.

இருபத்தாறாம் நாள் காலை எட்டு நாற்பதுக்கு ஒரு குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் வந்தது. நாற்பது வீட்டில் தண்ணீர் இல்லை, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்கள். ஒன்பதரைக்குள் ராக்கெட் உளியால் காயிலை அறுத்து, இழுத்து, பழைய செம்பு மூட்டையில் போட்டுவிட்டார். சுற்றை எண்ணவில்லை. சுற்று குறைந்தால் மோட்டார் சூடேறிக் கருகும். கூடினால் தண்ணீரை இழுக்காது. அந்த எண் இல்லாமல் மோட்டார் வெறும் இரும்புக் கூடு.

பத்து மணிக்கு வைண்டர் உள்ளே வந்தபோது அம்மாவும் ராக்கெட்டும் அந்தக் கூட்டின் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, போன வாரம் வந்த மோட்டார் மாதிரியேன்னு நினைச்சு அறுத்துட்டேன். அப்புறம் பாத்தா அளவே வேற" என்றார் ராக்கெட். அவர் வாயில் 'அண்ணே' வந்தது அன்றுதான் முதல் முறை.

அம்மா வைண்டரைத்தான் பார்த்தார். "நேராவே கேக்கறேன். நீங்க எட்டரைக்கு இங்க இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

ராக்கெட்டின் அவசரத்தைக் காட்டி அவர் தப்பித்திருக்கலாம். மாதம் முடிய நான்கே நாள்.

"நடந்திருக்காதும்மா" என்றார்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வைண்டர் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "மூட்டையைக் கொட்டு தம்பி."

முந்தின நாள் செம்பும் கலந்து கிடந்தது. அன்று அறுத்த முனைகள் மட்டும் பளபளத்தன. வார்னிஷில் ஒட்டிக் கலையாமல் இருந்த கட்டுகளை ராக்கெட் எடுத்துக் கொடுத்தார். வைண்டர் அவற்றை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அறுபட்ட முனைகளைப் பேனா நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நாற்பத்து நான்கு. அடுத்ததும் நாற்பத்து நான்கு. மூன்றாவது நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினார், நாற்பத்து மூன்றுதான்.

"விடுங்கண்ணே, ரெண்டு சரியா வந்திருச்சில்ல?"

"அந்த ஒண்ணு எங்க போச்சு? தேடு."

"ஒரு கம்பிக்காகவா? நாப்பது வீட்டுல தண்ணியில்லாம உக்காந்திருக்காங்க."

"தப்பா சுத்தினா நாளைக்கும் உக்காந்திருப்பாங்க. தேடு."

அந்தக் கம்பி குவியலின் அடியில் வளைந்து கிடந்தது. மொத்தம் ஆறு கட்டு எண்ணிய பிறகுதான் நோட்டில் நாற்பத்து நான்கு ஏறியது. ராக்கெட் மைக்ரோமீட்டரைத் திருகிப் பிடிக்க, கம்பியின் தடிமனை அவர் படித்து எழுதினார். பதினொன்று பத்துக்கு ராக்கெட் சுற்ற உட்கார்ந்தார். பெயரைக் காப்பாற்றினார், ஐந்து ஐம்பதுக்கு மோட்டார் ஓடியது. இருபது நிமிடம் ஓடவிட்டு, அம்மா அதன்மேல் கை வைத்துச் சூடு பார்த்தார்.

"எட்டரைக்கு வர முடியுமான்னு கேப்பேன்னு நினைக்கறீங்களா?" என்றார் வைண்டரிடம்.

"கேட்டாலும் முடியாதும்மா. எட்டரைக்கு ஆள்தான் இங்க இருப்பேன், கை வீட்டுல இருக்கும்."

ராக்கெட் சிரித்துவிட்டார். அம்மாவாலும் அடக்க முடியவில்லை.

"அப்போ நாமதான் மாறணும். பத்து மணிக்கு முன்னாடி இந்தப் பட்டறையில யாரும் உளியைத் தொடக் கூடாது."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றதாம்?" என்றார் ராக்கெட்.

"பேரிங் கழுவு. வார்னிஷ் அடி. வாய்க்கும் கொஞ்சம் ஓய்வு கொடு" என்றார் அம்மா.

அது நடந்து ஆறு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. இடையில் நோய் இரண்டு முறை கடுமையானது. ஒரு தடவை பதினொரு நாள், மறு தடவை பதினேழு நாள் அவர் படுத்துவிட்டார். அந்த நாட்களில் ராக்கெட் சுற்றை எண்ணிப் போனில் சொல்வார். வைண்டர் "இன்னொரு தடவை எண்ணு" என்பார். பிறகுதான் மனைவி நோட்டில் எழுதுவாள்.

இன்று காலை ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு அவர் பட்டறைப் படி ஏறினார். மேசையில் மூன்று மோட்டார்கள் அறுபடாமல் காத்திருந்தன.