ஓரத்து ஐந்து கீ

கோவையில் சின்ன லேப்டாப் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் கீபோர்டு வரைவது என் வேலை. இதில் வரைய என்ன இருக்கிறது, எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று என் வீட்டுக்காரரே இன்னும் கேட்கிறார். பதினோரு அங்குல உடம்புக்குள் பெரிய கீபோர்டு அடங்காது. ஏதாவது சில கீ மெலிய வேண்டும். யார் வயிற்றில் அடிப்பது என்று முடிவு செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் தனியாக வரைந்த முதல் கீபோர்டில் வலது ஓரத்தில் இருக்கும் ஐந்து கீயை மெலிய வைத்தேன். அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சாய்கோடு வகையறாக்கள் இருப்பவை. ஆங்கிலத்தில் அவற்றை எப்போதாவதுதான் தொடுவோம். நடுவில் எழுத்துகள் எல்லாம் தாராளமாக அமர்ந்துகொண்டன. எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

தாலுகா ஆபீஸ் பக்கம் மனு அடித்துக் கொடுக்கிறார்களே, அந்தக் கடைகளை நினைத்துத்தான் இந்த லேப்டாப்பைச் செய்தோம். அதனால் அன்னூர், ஈரோடு, தாராபுரம் என்று ஏழெட்டுக் கடைகளுக்கு மாதிரி கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துப் போனில் கேட்டேன். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல, நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார்கள். வியாழக்கிழமை நான் கையெழுத்துப் போட்டால், கீகளை வார்க்கும் அச்சு வெட்ட வரைபடம் போய்விடும். வெட்டிய பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்த முடியாது.

செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாணத்துக்காகத் தாராபுரம் போனேன். அப்படியே மாதிரியை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் டைப்பிங் கடைக்குள் நுழைந்தேன். கடையை நடத்தும் அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். போனில் என் கீபோர்டை அதிகம் புகழ்ந்தவர் அவர்தான். மும்முரமாக ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். என் லேப்டாப்பில்தான். ஆனால் என் கீபோர்டின் மேல், அழுக்கேறிய ஒரு பழைய கீபோர்டு ஒயரோடு குறுக்கே கிடந்தது. விரல்கள் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

எனக்குச் சுருக்கென்றது. முன்கோபி என்று வீட்டில் வாங்கிய பெயருக்குக் குறைவில்லாமல், பிடிக்கவில்லை என்றால் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அவர் பதறி எழுந்தார்.

"ஏனுங்க மேடம், நீங்க வாரது தெரிஞ்சிருந்தா இதை எடுத்து வெச்சுப்போட்டிருப்பேனுங்க" என்றார்.

கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. இன்னும் எத்தனை கடைகளில் இப்படி மனம் நோகக்கூடாதென்று மறைத்தார்களோ. உட்கார்ந்து, உள்ளதைச் சொல்லுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். நீங்கள் பாடுபட்டுச் செய்ததைக் குற்றம் சொன்னால் நன்றாக இருக்குமா என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அவர் பழகிய தமிழ்99 தட்டச்சு முறையில் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் நான் மெலிய வைத்த அந்த ஐந்து கீயில் இருந்தன. ஒரு வரி அடிப்பதற்குள் நாலு தடவை விரல் வழுக்கிப் பக்கத்துக் கீயில் விழுகிறது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் தமிழ் அடிப்பதெல்லாம் போனில்தான், அதுவும் ஆங்கில எழுத்தில். மனு அடிக்கிறவர்களுக்காகச் செய்த கீபோர்டில் ஒரு மனுகூட அடித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடப் போயிருக்கிறேன்.

கல்யாணச் சாப்பாட்டை மறந்து, பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே முதலாளிக்குப் போன் செய்தேன். கத்தினார். இரண்டு வாரம் தந்தார். இடது பக்கம் யாரும் அதிகம் தொடாத கேப்ஸ் லாக் கீ, புது மாப்பிள்ளை மாதிரி அகலமாக உட்கார்ந்திருந்தது. அதைப் பாதியாக்கினேன். அதற்கு மேலே இருக்கும் டேப் கீயிலும் கை வைத்தேன். மற்ற எழுத்துகளிலிருந்து மயிரிழை மயிரிழையாக எடுத்து அந்த ஐந்துக்கும் கொடுத்தேன்.

கையால் பொருத்திய புது மாதிரியோடு மறுபடியும் தாராபுரம் போனேன். இந்தத் தடவை எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை. பின்னால் ஒரு பிளாஸ்டிக் சேரில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டா மாறுதலுக்கு மனு அடிக்க ஒருவர் வந்தார். அவர் சொல்லச் சொல்ல அக்கா அடித்தார். முதல் பக்கம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. விரல் ஓரத்துக்குப் போய்ப் போய்த் தடங்கலில்லாமல் திரும்பியது. பழைய கீபோர்டு மேஜைக்கடியில் கிடந்தது. அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் முழுசாக நம்ப முடியவில்லை. எனக்காகத்தான் அதில் அடிக்கிறாரோ என்று ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது.

மனுக்காரர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். முகத்தில் அன்றைக்கு இருந்த தயக்கம் இல்லை.

"மேடம், எழுத்தெல்லாம் சரியாப் போச்சுங்க. இந்த அம்புக்குறி கீயை மட்டும் என்ன, எறும்பு அடிக்கறக்கா செஞ்சு வெச்சிருக்கீங்க?"

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்துவிட்டன. எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்டேன். அவர் விரலை அதன்மேல் அழுத்திக் காட்டினார். நான் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன்.