கையை விட்டாலும் நேராகப் போன கார்

காரின் வீல் அலைன்மென்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. நேரான சாலையில் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுவது. வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் போனால் சரி, இழுத்தால் சரியில்லை. மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் சொல்கிறேன்: இப்படித் தேறிய பல வண்டிகளை நான் வாய்க்காலுக்குள் இறங்கி ஆய்வு செய்திருக்கிறேன். சோதனையில் குறையில்லை. அதை எந்தச் சாலையில் செய்கிறோம், யார் செய்து காட்டுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்துக்கு நான் என் மாமாவுக்குக் கடன்பட்டவன்.

அவர் அம்மாவின் அண்ணன். நன்னிலத்தில் அரிசி ஆலை வைத்திருந்தார். அப்பா தரங்கம்பாடியில் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர். மாமாவிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது, அப்பாவிடம் சைக்கிள். கல்யாணமோ ஞானஸ்நானமோ துக்கமோ, மாமாதான் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போவார். அம்மா முன்னால் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அப்பா பின்னால் பலகாரத் தூக்குகளோடு. “எங்க அண்ணன் இல்லாட்டி நம்ம பொழப்பு பஸ் ஸ்டாண்டுலதான்” என்று அம்மா சொல்லாத பயணம் கிடையாது. அப்பா தூக்குகள் சாயாமல் பிடித்துக்கொண்டு வருவார்.

ஒரு கோடை விடுமுறையில் அப்பா மாயவரத்துக்குப் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். தன் பெண்டாட்டியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டிப்போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பெரிய ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா, தான் புதுக் கார் வாங்கப்போவதாகவும் வெள்ளைக் காரை அப்பாவுக்கே விற்பதாகவும் சொன்னார்.

“முன்னாடி ரெண்டும் புது டயர் போட்டிருக்கேன் மாப்பிள்ளை. வெளியாளுக்குக் கொடுக்கிறதா இருந்தா போடுவேனா?”

விற்கப்போகும் வண்டியில் முன்சக்கரங்களுக்கு மட்டும் ஒருவர் புது டயர் போட்டிருந்தால், கழற்றிய பழைய டயர்களைக் காட்டச் சொல்ல வேண்டும். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று அவை சொல்லிவிடும். அப்பா நன்றி சொன்னார்.

வாய்க்காலை ஒட்டிப் போகும் சாலையில் மாமா எங்களை ஏற்றிக்கொண்டு போனார். அன்று அப்பா முன்னால் இருந்தார். நான் இருவருக்கும் நடுவே. மாமா வண்டியை இடது ஓரமாகவே விட்டுக்கொண்டு போய், சட்டென்று இரண்டு கைகளையும் எடுத்து மார்பில் கட்டிக்கொண்டார். வண்டி நூல் பிடித்ததுபோல் போயிற்று.

“டேய் மருமகனே, ஸ்டீயரிங் யாரு கையில இருக்கு?”

“யாரு கையிலயும் இல்ல மாமா!”

“கர்த்தர் கையிலடா!”

மூவரும் சிரித்தோம். மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் போடுவார்கள். இடது ஓரத்தில் கையை விட்டால் நல்ல வண்டி மெதுவாக இடது பக்கம் சரிய வேண்டும். சரியாமல் நேரே போகிறதென்றால் அது வலது பக்கம் இழுக்கும் வண்டி. சாலை ஒரு பக்கம் தள்ள, வண்டி மறுபக்கம் இழுக்க, கணக்கு சரியாகிவிடும். சமதளத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும். இதெல்லாம் நான் பிற்பாடு உத்தியோகத்துக்காகப் படித்தது.

கார் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஓரமாகப் போகும்வரை ஒழுங்காக இருந்தது. சைக்கிளுக்கோ மாட்டுக்கோ ஒதுங்கிச் சாலை நடுவுக்கு வந்தால் வலது பக்கம் ஓடியது. அப்பா மாமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“இத்தனை வருஷம் நான் ஓட்டல? என்கிட்ட இழுக்கலயே” என்று மாமா அம்மாவைப் பார்த்துக் கண் சிமிட்டினார். “சாக்பீஸ் பிடிச்ச கை தங்கச்சி. கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.”

அம்மா சிரித்தாள். சில மாதத்தில் வலது முன் டயரின் வெளி ஓரம் மொட்டையாகிவிட்டது. நான்தான் தடவிப் பார்த்துச் சொன்னேன். அதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது. “திருப்பத்துல மெதுவாப் போங்க மாப்பிள்ளை. டயரு என்ன, மரத்துலயா காய்க்குது?”

அப்பா அதையும் நம்பினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பழகினார். நான் கூடப் போவேன். மேடு பள்ளம் இல்லாத, பலகைபோன்ற மைதானம். சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அரசாங்கத்திடம்கூட இல்லை. அங்கேயும் வண்டி வலது பக்கமே போயிற்று. இருபது வருஷம் கரும்பலகையில் எழுதியதால் தன் வலது கைக்குப் பலம் கூடிவிட்டது என்று அப்பா எனக்கு விளக்கினார். வலது கையைத் தளர்த்தி இடது கையால் அழுத்திப் பிடித்து ஓட்டப் பழகினார். அந்த மைதானத்தில் அவர் ஒரு முறைகூடக் கையை விட்டுப் பார்க்கவில்லை. அந்தச் சோதனையைத்தான் மாமா செய்து காட்டிவிட்டாரே.

பாபநாசத்தில் ஒரு கல்யாணம். அம்மா முதல் தடவையாக அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவு தூரம் வந்தாள். குடமுருட்டிப் பாலத்தின் மேல் சரிவு கிடையாது. எதிரே பஸ். வண்டி பஸ்ஸை நோக்கிப் போக, அப்பா பதறி ஒடித்ததில் இடது பக்கக் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றோம். விளக்கு உடைந்தது. அம்மாவின் நெற்றி கிழிந்தது.

“பெத்த பிள்ளைய வச்சுக்கிட்டு ஓட்டுற லட்சணமா இது?” என்றாள். “இனிமே உங்க கையால நான் எங்கயும் வரமாட்டேன்.”

வரவும் இல்லை. மாமாவே பெரிய மனசு பண்ணி, தான் சொன்ன விலைக்கு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வாங்குவதாகச் சொன்ன புதுக் கார் கடைசிவரை வரவில்லை.

அரைப்பரீட்சை விடுமுறைக்கு நான் நன்னிலம் போயிருந்தபோது மாமா என்னைத் தஞ்சாவூர் அழைத்துப் போனார். ஒரு பட்டறையில் அதே காரைச் சிமெண்ட் தரையில் நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை நூல் கட்டினார்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை முன்சக்கரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். கார் பட்டறையில் யாரோ வீடு கட்டுகிறார்கள் என்று எனக்கு ஒரே வேடிக்கை.

“வலது சக்கரம் வெளிய சாஞ்சு கிடக்குங்க. எதுலயாவது மோதுனீங்களா?” என்றார் மெக்கானிக்.

“அது ஆச்சு ரெண்டு வருஷம். மைல்கல்லுல ஏத்திட்டேன்.”

“இத வச்சுக்கிட்டு எப்படிங்க ஓட்டுனீங்க?”

“நான் எங்கய்யா ஓட்டுனேன்? வித்துட்டேன்ல!”

“வாங்குனவரு?”

“அவரு பொறுப்பாத் திருப்பிக் கொடுத்துட்டாரு.”

பட்டறையே சிரித்தது. பெரியவர்கள் சிரிக்கும்போது சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சிரித்தேன். மாமா ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து பாபநாசத்துக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனோம். மாமா ஓட்டினார். முன்னால் அம்மா, பின்னால் அப்பாவும் தூக்குகளும் நானும். குடமுருட்டிப் பாலம் வந்தது. எதிரே வண்டி இல்லை. மாமா இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார். கார் பாலத்தின் நடுவே, ஒரு விரற்கடை விலகாமல், நேராகப் போயிற்று.

“பாத்தீங்களா மாப்பிள்ளை? அதே வண்டி, அதே பாலம்.”

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் வலது கையை மடியிலிருந்து எடுத்துத் தூக்குக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“ஆமா மச்சான்” என்றார். “வண்டி நல்ல வண்டிதான்.”

அதற்குப் பிறகு அவர் எந்த வாகனத்தின் ஸ்டீயரிங்கையும் தொடவில்லை. நான் உத்தியோகத்துக்குப் படித்து, அந்த நூலும் குண்டும் எதற்கென்று புரிந்துகொண்ட வருஷத்தில் அவர் இல்லை. அன்று பாலத்தின் மேல் எனக்குத் தோன்றியது வேறு. மாமாவும் அப்பாவும் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்து நான் கைதட்டினேன்.