கருங்காலி வீட்டுப் பெண்

புளியும் சின்ன வெங்காயமும் கொதிக்கும் சாம்பாரின் வாசனை, போராட்டப் பந்தலிலிருந்து சாலையைத் தாண்டி, கம்மாபுரத்தை ஒட்டிய எங்கள் தெருவரைக்கும் வரும். எங்கள் வீட்டில் கறிக்குழம்பே கொதித்தாலும் எனக்கு அந்தச் சாம்பார்தான் வேண்டியிருந்தது. தெருப்பிள்ளைகள் எல்லோரும் அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் இலை கிடையாது, ஏனென்றால் என் அப்பா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அப்பாவும் அடுத்த வீட்டு சவரிமுத்து மாமாவும் நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 'மச்சான், மச்சான்' என்று ஒரே சைக்கிளில் ஷிப்டுக்குப் போனவர்கள். பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியபோது இருவரும் சேர்ந்துதான் வெளியே வந்தார்கள். சில வாரங்கள் கழித்து, தார்ப்பாய் இறக்கிக் கட்டிய காண்டிராக்டர் வேனில் அப்பா மட்டும் சுரங்கத்துக்குள் வேலைக்குப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீடு 'கருங்காலி வூடு'.

மாமா மறியலில் கைதாகிக் கடலூர் சிறைக்குப் போனார். அவர் மகள் ஸ்டெல்லா என் வகுப்புதான், யாரிடமும் அதிகம் பேசாதவள். அவளை மேடையேற்றி மாலை போட்டார்கள். "எங்கப்பா ஜெயில்ல இருக்காரு" என்று மட்டும்தான் மைக்கில் சொன்னாள். கைதட்டல் அடங்கவே இல்லை. எதிர்ப்பக்க டீக்கடை மறைவில் நின்று பார்த்த எனக்கு வயிறு எரிந்தது. ஒருத்தியின் அப்பா ஜெயிலில் இருப்பதற்காக யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன்.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டே விட்டேன். "நீ ஏம்ப்பா ஜெயிலுக்குப் போவல?"

அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உங்கம்மாவ இந்த நெலமையில உட்டுட்டு எப்பிடிம்மா போறது?" என்றவர், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பயமாவும் இருந்துச்சி" என்றார்.

தம்பி பிறந்தான், பெயர் வைக்கும் நாளில் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. போராட்டம் ஒருவழியாகப் பேச்சுவார்த்தையில் முடிந்தது. வழக்கைக் காரணம் காட்டி மாமாவை மட்டும் திரும்ப எடுக்காததால், அவர்கள் சிதம்பரத்துக்குக் குடிபோனார்கள். மாமா பெயிண்ட் வேலைக்கும் ஸ்டெல்லா பத்தாவதோடு ஜவுளிக்கடைக்கும் போனார்கள். அப்பாவுக்குச் சில வருடங்களில் நிரந்தரம் கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் படித்துத்தான் நான் கடலூரில் ஆசிரியை ஆனேன். ஆனாலும் தம்பிக்குப் புவனகிரியில் பெண் கேட்டுப் போனபோது, பெண்ணின் தாய்மாமன் "அந்தக் கருங்காலி வூடா?" என்று கேட்டதோடு பேச்சு நின்றுபோனது.

போன வருடம் சவரிமுத்து மாமா இறந்தார். அப்பா பிடிவாதமாகக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். அந்தச் சின்ன வாடகை வீட்டின் சந்து முழுக்க ஆட்கள், கொடிகள். பழைய கூட்டாளிகள் வேன் வைத்து வந்திருந்தார்கள். அப்பா சந்து முனையிலேயே நின்றுவிட்டார். ஸ்டெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாங்க மாமா. அப்பா உங்கள கேட்டுக்கினே இருந்தாரு."

அத்தனை பேர் முன்னால் அவளால் அதைச் சொல்ல முடிந்தது, ஒருவரும் மறுக்கவில்லை. அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கோ அப்போதும் அவள்மேல் பொறாமைதான்.

இன்று அந்தத் தெரு இல்லை. சுரங்கம் நீண்டு வந்து அதை எடுத்துக்கொண்டது. பந்தல் போட்ட இடம் மண்மேடாகிவிட்டது, எங்களை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஊர் ஊராகப் பிரிந்துவிட்டார்கள். கடலூரில் நான் கட்டிய வீட்டின் மாடியறையில் அப்பா இருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் எனக்குச் சிதம்பரத்துச் சந்துதான் கண்ணில் நிற்கிறது. அத்தனை பேர் இவருக்கு வரமாட்டார்கள்.