என் கையால் குடிக்காத பிள்ளை

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். எங்கள் அப்பா அய்யலூர்ச் சந்தையில் ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்காமல் விலை பேச மாட்டார். நான் மனிதர்களையே அப்படித்தான் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் நல்லது செய்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. எதற்காகச் செய்தார் என்று கண்டுபிடித்த பிறகுதான் நிம்மதி வரும்.

சுனாமிக்கு முந்தைய வருடம் நாங்கள் அந்தமானுக்குக் கப்பலில் போனோம். என் கணவருக்கு மத்திய அரசு உத்தியோகம். சில வருடங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்ற அரசே டிக்கெட் செலவைக் கொடுக்கும். எங்கள் இருவருக்கும், ஏழு வயது மகனுக்கும், நாலு வயது மகளுக்கும் போக, எங்களோடு இருந்த என் நாத்தனாருக்கும் அதில் இடம் உண்டு. அவள் என் கணவரின் தங்கை, கல்யாணமாகாதவள், திண்டுக்கல் வீட்டின் முன்னறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். வீசிங் உண்டு. அதிர்ந்து பேச மாட்டாள். அதிர்ந்து பேசாதவர்கள் மேல் எனக்கு இன்னும் ஒரு பங்கு சந்தேகம் கூடுதல். அதிலும் என் மகள் "அத்தை அத்தை" என்று அவள் முந்தானையிலேயே தொங்கிக்கொண்டிருந்தாள். சும்மாவா தொங்கும் பிள்ளை? அவள் ஏதோ செய்கிறாள் என்று நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தேன்.

கப்பலில் பிள்ளைகளுக்குக் குமட்டும், வாந்தி வரும் என்று கணவரின் அலுவலகத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். அதை அப்படியே நம்ப நான் என்ன இளிச்சவாயா? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சிறுமலை பஸ்ஸில் ஏற்றினேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. கடலுக்கு அதைவிட நல்ல ஒத்திகை எங்கள் பக்கத்தில் கிடையாது. மகன் ஆறாவது வளைவிலேயே மடியில் விரித்திருந்த நியூஸ் பேப்பரை நிறைத்துவிட்டான். மகள் ஜன்னலோரம் அத்தை மடியில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டே மலை உச்சி வரை பாடிக்கொண்டு வந்தாள். அவள் வயிறு இரும்பு என்று அன்றே முடிவு கட்டினேன். பிற்பாடு கப்பலில் அவளுக்கு என்ன ஆனாலும் அது கடலால் இருக்க முடியாது என்று நான் நினைத்ததற்கு அந்த பஸ்தான் காரணம்.

கணவர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்தார். "நல்லா தூங்கும் பிள்ளைக" என்று கடைக்காரர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு உதைத்தது. பிள்ளைகளுக்குத் தூக்க மாத்திரையா? துணிப் பெட்டியின் அடியில் போட்டு மூடிவிட்டேன். என் பங்குக்கு எலுமிச்சம்பழம், நார்த்தங்காய் ஊறுகாய், இஞ்சி மரப்பா, ஒரு கட்டு பழைய நியூஸ் பேப்பர் எல்லாம் எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பிறந்த வீடு நிலக்கோட்டைப் பக்கம். மல்லிகைத் தோட்டம். நாங்கள் ரயில் ஏறும் அன்று சாயங்காலம் என் தம்பி ஒரு தெர்மாகோல் பெட்டியோடு திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டான். உள்ளே ஐஸ், அதன்மேல் ஈரத்துணி, வாழை இலை, இரண்டு கிலோ மொட்டு.

"யக்கா, ஐஸ மட்டும் மாத்திக்கிட்டே இரு. மூணு நாளைக்குத் தாங்கும். கடலுக்கு நடுவுல போனாலும் ஒந் தலை வெறுந்தலையா இருக்கக் கூடாது" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்த வீட்டுச் சீர் என்றால் அப்படித்தான். தம்பி மேல் மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. மறுநாள் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே ஐஸ் வாங்கி நிரப்பிக்கொண்டு கப்பல் ஏறினேன்.

எங்களுக்கு நாலு படுக்கை உள்ள ஒரு சிறிய அறை கிடைத்தது. திறக்க முடியாத வட்டக் கண்ணாடி ஒன்று, ஏசிக் காற்று, பெயின்டும் டீசலும் கலந்த ஒரு வாடை. நான் முதல் வேலையாக மொட்டுகளைக் கட்டி, நான்கு முழம் தலையில் வைத்துக்கொண்டேன். மீதியைச் சரம் சரமாகக் கட்டி, படுக்கைக் கம்பியில் தொங்கவிட்டேன். அறைக்கே ஒரு களை வந்தது. நாத்தனார் கதவைத் திறந்து வைத்தாள். ஏசி வெளியே போகிறது என்று நான் மூடினேன். அவள் மறுபடி திறந்தாள். வீம்புக்குச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கரை கண்ணில் இல்லை. கப்பல் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. மகன் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, மூன்றாவது மணிநேரம் பிஸ்கட் கேட்டான். அவனுக்குச் சரியாகிவிட்டது. இரும்பு வயிற்றுக்காரிதான் விழுந்தாள். இட்லி வந்தது, பால் வந்தது, கடைசியில் வெறும் தண்ணீர் உள்ளே போனதும் வந்தது. நான் தூக்கித் தோளில் போட்டால் இன்னும் அதிகமாகக் குமட்டினாள். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தால் தட்டிவிட்டாள்.

"மதினி, செத்த நேரம் மேல கொண்டு போறேன்" என்று நாத்தனார் பிள்ளையை வாங்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனாள். அரைமணி கழித்து நான் எட்டிப் பார்த்தபோது என் மகள் அவள் மடியில் வாந்தி கீந்தி எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். இருவரும் கடலும் வானமும் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே என்ன இருக்கிறது பார்க்க? நான் போய்த் தூக்கியதும் பிள்ளை அழுதது. அறைக்குக் கொண்டுவந்ததும் வாந்தி. இப்படியே மூன்று தடவை நடந்தது.

அத்தையிடம் இருந்தால் நன்றாக இருக்கிறாள், அம்மாவிடம் வந்தால் வாந்தி எடுக்கிறாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என் நினைவுக்கு வந்தது. பிள்ளைக்கு மேலே ஏதோ கொடுக்கிறாள், அது கீழே வந்ததும் வேலை செய்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர்கள் மேலே இருந்தபோது நான் நாத்தனாரின் பையைத் திறந்து பார்த்தேன். இரண்டு சேலை, வீசிங்குக்கு இழுக்கிற மருந்து, ஒரு சீப்பு, அடியில் ஒரு உப்பு பிஸ்கட் பாக்கெட். பாதி காலி! கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம். பிள்ளை வாடிக் கிடக்கும்போது அப்படி ஒரு சந்தோஷம் வந்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மத்தியானம் கப்பல் டாக்டரிடம் காட்டினோம். வடநாட்டுக்காரர். பிள்ளையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ஐந்து நிமிடம் இந்தியில் பேசினார். என் கணவர் அதை எனக்கு ஒரு வரியில் சொன்னார். "தண்ணிச் சத்து கொறையுதாம்."

"அம்புட்டு நேரம் பேசினது இம்புட்டுத்தானா?" என்றேன்.

பிறகுதான் முழுவதும் வந்தது. மாத்திரையைப் புறப்படும் முன்பே கொடுத்திருக்க வேண்டுமாம், இனி அது வயிற்றில் தங்காதாம். அவர் கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொடி கலந்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுக்க வேண்டும். அது சாயங்காலத்துக்குள் வயிற்றில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குளுக்கோஸ் ஏற்றியாக வேண்டும். அந்த மெலிந்த கையில் எங்கே ஊசி குத்துவார்கள் என்று பார்த்தேன். கரை இன்னும் ஒன்றரை நாள் தூரத்தில் இருந்தது.

அறையில் ஸ்பூனோடு உட்கார்ந்தேன். முதல் ஸ்பூனை வாய்க்கருகே கொண்டுபோனதும் என் மகள் முகத்தைத் திருப்பினாள். மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கெஞ்சினேன். இரண்டு கையாலும் என் முகத்தைத் தள்ளினாள்.

"அம்மா நாறுது. அம்மா வேணாம். அத்தை" என்றாள்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ஆனால் பெற்றவளைப் பார்த்து நாறுகிறது என்று சொல்ல நாலு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று மேலே போனேன். கணவரும் மகனும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள். நாத்தனார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை தாவி அவளிடம் போய்விட்டது.

"எம் பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்த? அம்மா நாறுதுன்னு சொல்லுறா. பிஸ்கட்டக் குடுத்து மயக்குனது பத்தாதா?" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பதறவில்லை. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். "பூவு, மதினி. ஒங்க தலையில இருக்க பூவு. நீங்க தோள்ல போடுறப்ப பிள்ளை மூக்கு நேரா அதுலதான போய் இடிக்குது. ரூமெல்லாம் அதுதான். எனக்கே உள்ள வந்தா மூச்சு முட்டுது. அதான் நான் கீழயே வாரதில்ல. பிஸ்கட்டு எனக்கு மதினி, வெறும் வயித்துல இருந்தா எனக்கும் கொமட்டுது."

நான் சரத்தை இழுத்து என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஈரம் தெரிந்தது. வாசம் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. விடியற்காலையில் பறித்த மொட்டை நடுவீட்டில் குவித்து, அதற்குப் பக்கத்திலேயே படுத்து வளர்ந்தவள் நான். மல்லிகைக்கு வாசம் உண்டு என்பது எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அப்போதும் நான் விடுவேனா? சாட்சிக்கு என் கணவரைப் பார்த்தேன்.

"நாறுதா?" என்றேன்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "நல்ல வாசந்தான். ஆனா மூடுன ரூமுக்குள்ள, கப்பலும் ஆடுறப்ப, தலை சுத்துது" என்றார்.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"நேத்தே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"ஒந் தம்பி கொண்டாந்த பூவு. நான் சொன்னா, எந் தங்கச்சி தூண்டிவிட்டான்னுவ. அவ சொன்னா, ஒன் பொறந்த வீட்டப் பாத்துப் பொறாமைன்னுவ. யாரு வந்து ஒங்கிட்ட மாட்டுறது?"

என் மகன் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தில் தெரியாதவள் நான் ஒருத்திதான். யார் எதை மறைக்கிறார்கள் என்று நான் இரண்டு நாளாகத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சேர்ந்து மறைத்தது உண்மைதான். என்னைக் கண்டு பயந்து மறைத்திருக்கிறார்கள். அதற்குள் என் பிள்ளையின் உதடு வெடித்துவிட்டது. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

கீழே இறங்கினேன். சரங்களை எல்லாம் அவிழ்த்துப் பெட்டியில் போட்டு, சாதாரண வகுப்பில் இருந்த நம் ஊர்ப் பெண்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் பின்தளத்தில் காற்றாட உட்கார்ந்திருந்தார்கள். "எங்களுக்கா? சும்மாவா?" என்று ஒருத்தி என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய சந்தேகத்தில் தப்பில்லை என்று பட்டது. பிறகு தலைப்பூவை எடுத்தெறிந்துவிட்டு, குளியலறையில் நின்று, நுரை வராத அந்த உப்புத் தண்ணீரில் சீயக்காயைப் போட்டு மூன்று முறை தலையை அலசினேன். சேலையும் மாற்றினேன். அறைக் கதவை அகலத் திறந்து வைத்தேன்.

மேலே போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. நான் பெஞ்சில் ஒரு கை தள்ளியே உட்கார்ந்தேன். "ஒம் பையத் தொறந்து பாத்தேன்" என்றேன் நாத்தனாரிடம்.

"தெரியும் மதினி. சேலைய நீங்க மடிக்கிற மாதிரி மடிச்சு வச்சிருந்தீங்க" என்றாள்.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா மட்டும்?" என்று சிரித்துவிட்டுப் பேச்சை விட்டாள்.

பொடி கலந்த தண்ணீரை ஸ்பூனில் எடுத்தேன். என் மகள் உடனே வாயைத் திறக்கவில்லை. என் ஈரத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கி ஒருமுறை முகர்ந்தாள். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

நான் அவளை அம்புட்டுப் பேர் முன்னால் ஓநாயாக்கிவிட்டு வந்தவள். அவள் லேசாக உதட்டைப் பிதுக்கியிருந்தால் போதும், பிள்ளை வாயைத் திறந்திருக்காது. ஊசி குத்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருப்போம். என் நாத்தனார் பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

என் மகள் குடித்தாள். ஐந்து நிமிடம் நாங்கள் மூச்சுவிடாமல் காத்திருந்தோம். தண்ணீர் வெளியே வரவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"அழுகாதீங்க மதினி, பிள்ளை பயந்துரும். அடுத்த ஸ்பூன் குடுங்க. பாதி போதும்" என்றாள் அவள்.

ஏன் பாதி என்று நான் கேட்கவில்லை. பாதிதான் கொடுத்தேன்.