என் முட்டிக்குள் ஓர் இடைவெளி

மாடிப்படி ஏறினாலே வலது முட்டிச் சில்லுக்குள் வலி. இன்று காலை முட்டியை மடக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் மாலையில்தான் வருவாராம்.

படத்தோடு குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால், வாசலில் பக்கத்து வீட்டு அண்ணன். நெய்வேலி மைன்ஸில் முப்பது வருடமாக மெஷின் ஃபிட்டர். படத்தை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

“சில்லுக்கும் எலும்புக்கும் நடுவுல எவ்ளோ கேப் பாரும்மா. பேரிங் தேஞ்சிடுச்சி. மாத்திதான் ஆவணும்.”

மதியம் சோறு இறங்கவில்லை. ஆபரேஷன் என்றால் மகளின் பரீட்சை நேரத்தில் யார் சமைப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

மாலையில் டாக்டர் சிரித்துவிட்டார்.

“அந்த கேப்புலதாம்மா ஜவ்வு இருக்கு. எக்ஸ்ரேல அது தெரியாது. கேப் இருந்தா ஜவ்வு தேயலைன்னு அர்த்தம். தொடைக்கு எக்ஸர்சைஸ் பண்ணுங்க, போதும்.”

ஓடாத குறையாக வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் மெதுவாகத் தன் முட்டியைத் தடவினார்.

“என் படத்துல கேப்பே இல்லம்மா. நல்லா டைட்டா இருக்குதுன்னு ரெண்டு வருஷமா சந்தோஷப்பட்டுகினு இருந்தேன்.”

நாளைக்கு அவரையும் அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நெய்வேலிக்காரர்களே, உங்கள் பிளாக்கில் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லும் பக்கத்து வீட்டு ‘டாக்டர்’ மைன்ஸில் எந்த செக்‌ஷனில் வேலை பார்க்கிறார்?