ஒரே குவியல்

அந்தச் சீட்டு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. வாயைப் பிளந்து நிற்கும் சிவப்பு டிராகன், அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. உறை தொய்ந்து போயிருக்கிறது. நாலாக மடித்த ஒரு கடதாசியைச் சீட்டுக்குப் பின்னால் நான் ஒருநாள் திணித்து வைத்ததில் வந்த தொய்வு.

கடதாசி மச்சாளுடையது. மாமாவின் மகள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். போரின் கடைசிக் காலத்துக்குச் சற்று முன், கண் டாக்டரிடம் காட்டவென்று வன்னியிலிருந்து வெள்ளவத்தைக்கு, எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்திருந்தாள். வன்னியை விட்டு வெளியே வர இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும்; அந்தப் பாஸ்தான் இந்தக் கடதாசி. சொன்ன நாளில் ஆள் திரும்புவதற்கு வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். மாமா நின்றார்; அவள் திரும்பாவிட்டால் பிடிபடுவது அவர்தான். ஆனால் அம்மாவுக்கு அவர் சொல்லி அனுப்பியது வேறு: பிள்ளையைத் திருப்பி விடாதே, எப்படியாவது வெளிநாட்டுக்கு ஏற்றிவிடு. குசினியில் அம்மா இதை அப்பாவிடம் குசுகுசுத்தபோது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கனடாச் சித்தி அனுப்பிய சூனியக்காரிகளும் டிராகன்களும் நிறைந்த சீட்டுகள்தான் அப்போது என் உலகம். மேல்மாடி முஸ்லிம் நானாவின் மகள்மார் இருவரோடு சீட்டுகளை மாற்றிக்கொள்வேன், சண்டையும் பிடிப்பேன். மச்சாள் வந்ததும் நாலு பேராகிவிட்டோம். சோடி சோடியாக ஆடினோம். சோடிக்கு உயிர் ஒன்றுதான். முப்பது புளியங்கொட்டை, ஒரே குவியல். யாருக்கு அடி விழுந்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். குவியல் தீர்ந்தால் இரண்டு பேரும் செத்தோம். என் அவசரப் புத்தியால் எத்தனை கொட்டை போயிருக்கும்! மச்சாள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

முதல் ஆட்டத்தில் நானாவின் மூத்த மகள், போட ஒன்றும் இல்லாததால், "பாஸ்!" என்றாள். மச்சாள் சட்டென்று கைப்பையைத் திறந்து அந்தக் கடதாசியை எடுத்து நீட்டினாள். வழியெல்லாம் நீட்டி நீட்டிப் பழகிய கை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

திரும்ப வேண்டிய நாளுக்கு முதல்நாள் காலையில் கடதாசியை நான்தான் ஒளித்தேன். அவள் போகக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மாமாவை நான் நினைக்கவேயில்லை. மச்சாள் மெத்தையைக்கூடப் புரட்டித் தேடினாள். அம்மா அவள் தலையைத் தடவி, "துலைஞ்சது நல்லதுக்குத்தான் பிள்ளை. கொப்பரே விட வேண்டாமெண்டுதான் சொன்னவர்" என்றார்.

மச்சாள் புளியங்கொட்டை டின்னை எடுத்துவந்து என் முன்னால் கவிழ்த்தாள்.

"அப்பாவுக்கும் எனக்கும் ஒரு குவியல்தானடி" என்றாள். "எடுத்தனியெண்டால் தா."

நான் அழுதுகொண்டே உறையிலிருந்து கடதாசியை உருவிக் கொடுத்தேன். அவள் என்னை ஏசவில்லை. அம்மாதான் ஏசினார், ஒளித்ததற்கல்ல, கொடுத்ததற்கு.

அடுத்தநாள் விடிய வவுனியா பஸ்ஸில் போனாள். சில வாரங்களில் வன்னிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பிறகு செஞ்சிலுவை மூலம் அவளின் கடிதம் ஒன்று வந்தது: அப்பா சுகம், டிராகனைக் கவனமாக வைத்திரு. போர் முடிந்தபின் அம்மா முகாம் முகாமாகத் தேடினார். அப்பனும் மகளும் ஒரே பங்கருக்குள் இருந்ததாக, தப்பி வந்த ஒருவர் சொன்னார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கொடுத்திருக்கக் கூடாது என்று சில நாள் நினைப்பேன். கொடுக்காமல் மாமாவுக்கு ஏதும் ஆகியிருந்தால் அவள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன் என்று வேறு நாள். இரண்டும் என்னை விட்டுப் போவதாயில்லை.

என் மகள் இப்போது இதே மாதிரிச் சீட்டுகளோடு சிநேகிதிகளைக் கூட்டிவந்து ஹோலில் ஆடுகிறாள். "பாஸ்!" என்று ஒருத்தி கத்துவாள். எழுந்து போய் அலுமாரியைத் திறப்பேன். டிராகனுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்ப்பேன். கடதாசி இல்லை. நான்தானே எடுத்துக் கொடுத்தேன்.